மாசி வரும் ஊரில் இரண்டு ஆண்டுகள்

தூத்துக்குடிக்காரர்களுக்கு மாலத்தீவு என்பது சுற்றுலாப் படங்களில் பார்க்கும் நீலத் தண்ணீர் அல்ல. அது சூரை மீனை அவித்துக் காயவைத்த மாசிக் கருவாடு வரும் ஊர். என் அப்பா பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றும் இடத்தில் கணக்கெழுதியவர். வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், ஜல்லி என்று இங்கிருந்து அந்நாட்டுத் தலைநகர் மாலேவுக்குப் போகும் மூட்டைகளை எண்ணியே அவருக்குத் தலை நரைத்தது. 2016ஆம் ஆண்டின் கடைசியில் எனக்கு மாலத்தீவில் கணித ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது அம்மா அழுதாள். அப்பா மட்டும், "நல்ல ஊர்தான். கடல் நல்லதா என்பதை மாதத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தென்மேற்குக் காற்று வீசும்; எங்கள் ஊர்த் தோணிகள் கடலுக்குப் போகாமல் கட்டிக்கிடக்கும். அந்த மாதங்களில் ஊருக்கு வருவதாக எந்தத் திட்டமும் போடாதே என்றார். நான் தலையாட்டினேன். கணக்கெழுதும் கிழவருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு உள்ளே இருந்தது. அதற்கான விலையை 2018 ஜூனில் கொடுத்தேன்.

முதலில் பணக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது 31 வயது. தனியார் பள்ளியில் 14,000 ரூபாய் சம்பளம். வீட்டில் கல்யாணப் பேச்சு ஒரு பக்கம், தம்பியின் கல்விக்கடன் மறுபக்கம். இரண்டிலிருந்தும் தப்பிக்க ஒரு கடல் தேவைப்பட்டது. அந்த அவசரத்தில் ஒரு முகவரிடம் 1,20,000 ரூபாயைக் கொடுத்தேன். ரசீது கேட்டபோது, "வேலை வேண்டுமா, ரசீது வேண்டுமா" என்று கேட்டார். வேலைதான் வேண்டும் என்றேன். தீவில் போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் தான் தெரிந்தது, அதே பள்ளியில் அறிவியல் எடுத்த கேரளத்து ஆசிரியை நேரடியாக விண்ணப்பித்து, சான்றிதழ்களுக்குச் சான்றொப்பம் வாங்கிய செலவோடு வந்து சேர்ந்திருந்தார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப அரசிடம் பதிவுபெற்ற முகவர்கூட இன்றைய விதிப்படி 30,000 ரூபாயும் அதன் மேல் வரியும்தான் வாங்க முடியும். முகவரின் பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். நான் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் என் எட்டு மாதச் சம்பளத்துக்கு மேல் செலவழித்தேன். அந்த நபரை அதன் பிறகு தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை.

பெட்டி கட்டுவதில் இன்னொரு பாடம். அம்மா திருச்செந்தூர் விபூதியோடு கைக்கடக்கமான ஒரு பித்தளை முருகனையும் துணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டாள். மாலத்தீவில் வழிபாட்டுச் சிலைகளை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை, மதுவுக்கும் அப்படித்தான். திருவனந்தபுரம் விமான நிலையத்தின் வாசலில், எங்களோடு வரிசையில் நின்ற ஒருவர் போகிறபோக்கில் சொன்னதால் தப்பித்தேன். வழியனுப்ப வந்த தம்பியின் கையில் முருகனைக் கொடுத்துவிட்டு, தொலைபேசியில் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளும் என் பூஜையறை அந்தத் தொலைபேசிதான். இதில் மனத்தாங்கல் ஏதும் இல்லை. அது அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும். மருந்துகளும் அப்படியே. வலி மருந்துகளில் சில அங்கே கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் எதையும் எடுத்துப் போகாதீர்கள்.

எனக்குக் கிடைத்த தீவு தெற்கே, காஃபு தாலு அட்டோலில். அட்டோல் என்றால் அங்கே தீவுக்கூட்டமாக அமைந்த ஒரு மாவட்டம். பெரிய வளையம்போல் பவளத்திட்டுகள் சூழ்ந்த ஹுவதூ என்ற கடற்காயலின் விளிம்பில் ஒட்டிக்கிடக்கும் ஒரு மணல் கீற்று. நிலநடுக்கோடு தெற்கே சில பத்துக் கிலோமீட்டரில். அதனால் ஆண்டு முழுவதும் காலை ஆறு மணிக்குச் சூரியன், மாலை ஆறு மணிக்கு இருட்டு, கடிகாரமே தேவையில்லை. தீவைச் சுற்றி நடக்க நாற்பது நிமிடம் ஆகும். ஒரு பள்ளி, ஒரு சுகாதார நிலையம், மசூதிகள், நான்கு கடைகள், ஒரு படகுத்துறை. கல் கிடையாது. மண் என்று நாம் சொல்வதும் கிடையாது, எல்லாம் வெள்ளைப் பவள மணல். அப்பா எண்ணிய செங்கல்லும் ஜல்லியும் ஏன் கடல் தாண்டிப் போயின என்பது அங்கே கால் வைத்த அன்றுதான் புரிந்தது. எங்கள் பள்ளிச் சுவரைத் தொட்டுப் பார்த்து, இது அப்பா கணக்கில் வந்த செங்கல்லாக இருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். அசட்டு எண்ணம்தான். வீடு நினைவு வந்தால் புத்தி அப்படித்தான் போகும்.

என் அறை ஒரு மீனவக் குடும்பத்தின் வீட்டோடு சேர்ந்தது. அந்த வீட்டம்மாவைப் பிள்ளைகள் எல்லோரும் "தத்தா" என்று கூப்பிட்டார்கள். நாற்பது வயதுப் பெண்மணியை ஏன் தாத்தா என்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். திவேஹி மொழியில் அது அக்கா. அதன் பிறகு எனக்கும் அவர் தத்தா. இளநீரை அவர்கள் "குரும்பா" என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் குரும்பைதான், கொஞ்சம் முற்றிய பருவத்தில். படகு "தோனி". மொழி தெரியாத ஊரில் இப்படி ஒரு சொல் கையைப் பிடித்தால் அன்று இரவு தூக்கம் வரும். எழுத்துதான் வலமிருந்து இடமாக ஓடும் தானா எழுத்து. கடைசிவரை தட்டுத்தடுமாறித்தான் வாசித்தேன். எண்கள் மட்டும் நமக்குத் தெரிந்தபடியே இருந்தன. கணித ஆசிரியைக்கு அது போதும்.

காலையில் மஸ்ஹுனி: சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து, ரொஷி என்ற மெல்லிய ரொட்டியோடு சாப்பிடுவார்கள். நான் அதில் ஒரு கைப்பிடி கறிவேப்பிலை போடப் போய், அந்தச் செடியின் கிளையைத் தத்தா தன் முற்றத்தில் நட்டுவைத்தார். காய்கறி மாலேவிலிருந்து சரக்குப் படகில் வரும். படகு வந்த நாளில் தக்காளி, அடுத்த இரண்டு நாள் முட்டைக்கோஸ், பிறகு வெங்காயமும் உருளையும் மட்டும். காற்றுக் காலத்தில் படகு தாமதமானால் பூசணியும் ஈரப்பலாவும்தான். பருப்பு, புளி, சாம்பார்ப்பொடி ஆகியவற்றை ஆறு மாதத்துக்குக் கணக்கிட்டு எடுத்துப்போவது நல்லது. குடிக்க மழைநீர்த் தொட்டித் தண்ணீர். குளிக்கும் கிணற்று நீர் உப்பு கலந்தது. முதல் மூன்று மாதங்களில் முடி கொத்துக்கொத்தாகப் போனது. கடைசி அலசலுக்கு ஒரு குவளை மழைநீர் வைத்துக்கொள்ளும்படி தத்தாதான் சொல்லிக் கொடுத்தார்.

சனி, ஞாயிறு என்ற வாரக் கணக்கு அங்கே இல்லை. வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு காலை பள்ளி. பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். ஆனால் மிரட்டலுக்கு அடங்குகிறவர்கள் அல்லர். பிரம்பைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, குரலை உயர்த்தாமல் பின்னம் சொல்லித்தருவது புது வித்தை. மீன்பிடிப் படகின் டீசல் கணக்கை வைத்து ஆரம்பித்தேன். கடைசி வரிசையில் தூங்கிய பையன்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். மாலையில் பெண்கள் "பஷி" ஆடுவார்கள். டென்னிஸ் மட்டையை வைத்துக்கொண்டு, வலைக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தைத் தலைக்கு மேலாகப் பின்னால் அடிப்பாள் ஒருத்தி. எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் வெறுங்கையால் பிடிக்க வேண்டும். நான் பிடிக்கப் போய் இடது கைச் சுண்டுவிரல் வீங்கியது. அடுத்த நாள் வகுப்பு முழுவதும் அதைப் பற்றிய விசாரணைதான்.

இவ்வளவு இனிமையில் மயங்கித்தான் நான் அசட்டையாக இருந்தேன். அந்த அசட்டையின் விவரம் இது. சம்பளம் மாதம் 12,000 ருஃபியா. ஒரு டாலருக்கு 15.42 என்பது அதிகாரபூர்வ விலை. அன்றைய நிலையில் ஒரு ருஃபியா நம் பணத்தில் நான்கு ரூபாய்க்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் இனிக்கும். ஆனால் வங்கியில் டாலர் கேட்டால் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று எல்லை இருந்தது. வெளியே வாங்கினால் விலை கூடுதல். போதாக்குறைக்கு 2016 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு 3 சதவீத வரி போட்டிருந்தார்கள். 2020 தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். நான் இருந்த இரண்டு ஆண்டுகளும் சரியாக அதற்குள் மாட்டிக்கொண்டன. மொத்தம் 9 லட்சம் ரூபாய் அனுப்பியதில் 27,000 அந்த வரிக்கே போனது. எங்கள் தீவில் வங்கி இல்லை. படகேறி அட்டோல் தலைநகரான தினதூவுக்குப் போக வேண்டும். அதனால் மாதாமாதம் அனுப்பாமல், ருஃபியாவை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்துவைத்தேன். ருஃபியாவைக் கையில் சேர்க்காதீர்கள். அந்த நாட்டுக்கு வெளியே அதை மாற்றித்தர ஆளில்லை என்பதை நான் விமான நிலையத்தில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது அசட்டை பாஸ்போர்ட். 2018 ஏப்ரலில் விசா புதுப்பிக்க மாலேவில் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். மே மாதமே வேலை முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. யாராவது இந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். தீவில் யாரும் அடையாளம் கேட்பதில்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பாஸ்போர்ட் என்ற பொருளின் நினைவே அற்றுப்போகும்.

மே மாத இறுதியில் ஓர் எச்சரிக்கை வரத்தான் செய்தது. தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு நடந்து, இணையத்தைத் துண்டித்தார்கள். நான் வீட்டோடு பேசியதெல்லாம் இணைய வழியில்தான்; சாதாரண அழைப்புக்கு என் எண்ணில் காசே வைத்திருக்கவில்லை. இரண்டு நாள் பைத்தியம் பிடித்தவள்போல் இருந்தேன். கடைசியில் தத்தாவின் மகன் தன் தொலைபேசியைக் கொடுத்தான். "நாங்கள் நன்றாக இருக்கிறோம், நீ சாப்பிட்டாயா" என்றார் அப்பா. வீட்டாரின் எண்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியது அன்றுதான். பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அன்றுகூடத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து, நோன்புப் பெருநாள். தத்தா வீட்டில் காலையிலிருந்து விருந்து. பிள்ளைகள் புதுத்துணியோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்குத் தம்பியிடமிருந்து அழைப்பு. அப்பா கழிவறையில் விழுந்துவிட்டார், வலது கை கால் அசையவில்லை, பக்கவாதம் என்கிறார்கள், தீவிர சிகிச்சையில் இருக்கிறார். தம்பி சொன்ன கடைசி வாக்கியம், "அக்கா, நீ உடனே வர முடியுமா?" முடியும் என்றேன். வெளியே வந்து பார்த்தால் தென்னை மட்டைகள் கிழக்கே பார்த்து விறைத்து நிற்கின்றன. அவ்வளவு காற்று.

அடுத்த நாள் சனிக்கிழமை. வானிலைத் துறையின் மஞ்சள் எச்சரிக்கை. விமான நிலையம் இருக்கும் காடெத்தூ எங்கள் தீவிலிருந்து காயலைக் கடந்து போக வேண்டிய தூரம். விசைப்படகுகள் எதுவும் கிளம்பவில்லை. துறையில் நின்று ஒவ்வொரு படகோட்டியாகக் கேட்டேன். யாரும் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். எனக்கோ கோபம் கோபமாக வந்தது. இவர்களுக்கு என்ன, அப்பா இவர்களுடையவரா என்றெல்லாம் மனத்துக்குள் திட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கடலை அறிந்தவர்கள் கிளம்பாததால்தான் அன்று யாரும் சாகவில்லை. மாலை தத்தா என்னை உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தார். தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்து விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் இல்லாமல் பின்னால் பல இடங்களில் மாட்டியிருப்பேன். பெருநாள் விடுமுறையில் ஒருவர் அதை யோசித்துச் செய்தார் என்பதை மறக்க முடியாது.

ஞாயிறு அதிகாலை காற்று சற்று இறங்கியது. தத்தாவின் கணவர், அவரை நான் பேபே என்று கூப்பிடுவேன், அண்ணன் என்று பொருள், தன் மீன்பிடித் தோனியைக் கிளப்பினார். வெளிக்கடலைத் தொடாமல் பவளத்திட்டுகளுக்கு உள்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார். விசைப்படகில் ஒன்றரை மணி நேரப் பயணம் அன்று மூன்றரை மணி நேரம் ஆனது. வயிற்றில் இருந்ததெல்லாம் கடலுக்குப் போனது. பேபே ஒரு வார்த்தை பேசவில்லை; அவ்வப்போது திரும்பிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். டீசலுக்குப் பணம் கொடுத்தபோது வாங்க மறுத்தார். கெஞ்சியதும் பாதியை எடுத்துக்கொண்டார்.

காடெத்தூவில் அடுத்த சோதனை. பெருநாளுக்கு ஊருக்கு வந்தவர்கள் எல்லோரும் மாலே திரும்பும் நாள் அது. சிறிய விமானம், இடமில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்தேன். அங்கேதான் இன்னொரு முட்டாள்தனம் வெளிப்பட்டது. வேலை அனுமதி அட்டை இருந்தால் சுற்றுலாப் பயணியைவிடக் குறைந்த கட்டணம். என் அட்டை அறையில், அலமாரியில், பத்திரமாக இருந்தது. முழுக் கட்டணம் கொடுத்தேன். மாலை விமானத்தில் ஒருவர் வராததால் இடம் கிடைத்தது. மாலேவின் விமான நிலையம் தனித் தீவில் இருக்கிறது. அங்கே இறங்கி, கடலைக் கடக்கும் படகில் நகருக்குள் போனபோது இரவு எட்டு மணி. அப்போது இரண்டுக்கும் இடையிலான பாலம் திறக்கவில்லை. அந்த ஆகஸ்டில்தான் திறந்தார்கள். விடுதிக்குப் போகவேண்டி இருக்கவில்லை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் சித்தி, முன்பின் தெரியாதவர், படகுத்துறையில் என் பெயர் எழுதிய அட்டையோடு நின்றார். இரண்டு அறை வீட்டில் ஏழு பேர்; எட்டாவதாக எனக்கு ஒரு மெத்தை.

திங்கள்கிழமை பாஸ்போர்ட் இருந்த அலுவலகம் பூட்டிக்கிடந்தது. பெருநாள் விடுமுறை இன்னும் முடியவில்லை. சாவி வைத்திருந்தவர் வடக்கே தன் சொந்தத் தீவுக்குப் போயிருந்தார். என் பாஸ்போர்ட் ஒரு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஏதோ ஓர் இழுப்பறையில். அந்தக் கதவின் முன் படியில் உட்கார்ந்து அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். தம்பி அழைத்து, அப்பாவுக்கு நினைவு வருகிறது, பேச்சு வரவில்லை என்றான். பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் இந்தியத் தூதரகத்தில் அவசரகாலப் பயணச் சான்றிதழ் கேட்கலாம் என்று அந்தச் சித்திதான் சொன்னார். அதற்கும் பாஸ்போர்ட்டின் நகல் கையில் இருந்தால் வேலை எளிது. என்னிடம் நகல் இருந்ததா என்றால், இருந்தது. தீவில், அதே அலமாரியில். இதற்குள் அவர் பத்துப் பதினைந்து அழைப்புகள் செய்துவிட்டார். அந்த நாட்டில் யாரைக் கேட்டாலும் யாருக்காவது மாமன், மச்சான். நாலு மணிக்கு மாற்றுச் சாவியோடு ஓர் ஊழியர் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கதவைத் திறந்து, தேடி எடுத்துக் கொடுத்து, "உங்கள் தந்தைக்காக வேண்டிக்கொள்கிறேன்" என்றார். காலையிலிருந்து அந்த அலுவலகத்தைச் சபித்துக்கொண்டிருந்தவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை திருவனந்தபுரம் விமானம். பறக்கும் நேரம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. உள்நாட்டு விமானம், கடைசி நேர டிக்கெட் எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய் போனது. இறங்கியதும் பிஸ்கட் டின் பணத்தை, 15,000 ருஃபியாவை, மாற்றப்போனேன். கவுண்டரில் இருந்த பையன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எடுக்கமாட்டோம், சேச்சி" என்றான். அடுத்த கவுண்டரிலும் அதே பதில். பை நிறையப் பணம் வைத்துக்கொண்டு வாடகைக் காருக்குத் தம்பியிடம் கெஞ்சிய கதை இது. தூத்துக்குடி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி பத்து. அப்பா காலத்துத் தோணி நல்ல காற்றில் மூன்று நாளில் மாலேவைத் தொட்டுவிடும் என்பார். நான் அழைப்பு வந்த நேரத்திலிருந்து நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். வெங்காய மூட்டை என்னைவிடச் சீக்கிரம் வந்திருக்கும்.

அப்பா என்னைப் பார்த்தார். இடது கையை உயர்த்தினார். பேசவில்லை.

அந்த நாட்களுக்குப் பிறகு நான் ஒரு துணிப்பை தைத்தேன். ஆகஸ்டில் தீவுக்குத் திரும்பியதும் கட்டில் காலில் அதைக் கட்டித் தொங்கவிட்டேன். பாஸ்போர்ட், வேலை அனுமதி அட்டை, ஒப்பந்த நகல், 400 டாலர் ரொக்கம், கொஞ்சம் இந்திய ரூபாய், எண்கள் எழுதிய தாள். அவற்றின் படங்கள் தம்பியிடமும் ஒரு தொகுப்பு. பாஸ்போர்ட்டை விசாவுக்குக் கொடுக்க நேர்ந்தால் கொடுத்த தேதியை நாட்காட்டியில் எழுதி, வேலை முடிந்த வாரமே வாங்கிவிட வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது. நானூறு டாலரைச் சேர்க்க மூன்று மாதம் ஆனது. வங்கி தரும் எல்லைக்குள் மாதம் கொஞ்சமாக எடுத்தேன். மீதிச் சம்பளத்தை, படகில் வாந்தி எடுத்தாலும் பரவாயில்லை என்று தினதூ போய் மாதாமாதம் அனுப்பினேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அவசர விடுப்புக்கு யார் ஒப்புதல் தர வேண்டும், பயணச் செலவு யாருடையது என்று இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். நான் கேட்கவில்லை, என் ஒப்பந்தத்தில் ஆண்டு விடுப்புக்கு மட்டும் பயணச் சீட்டு உண்டு என்று இருந்தது, அந்த 31,000 என் கையைக் கடித்தது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தெற்குத் தீவுகளைவிட மாலேவுக்கு அருகிலுள்ள அட்டோல் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால் கிடைக்கும் என்று சொல்லவில்லை, கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

எல்லாம் தெரிந்த பிறகும் ஏன் திரும்பிப் போனாய் என்று கேட்டவர்கள் உண்டு. ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வு இருந்தது என்று பதில் சொல்வேன். அது பாதி உண்மை. திரும்பிப் போன அன்று துறையில் இருபது முப்பது பேர் நின்றார்கள். "பாப்பா எப்படி?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். பாப்பா என்று அப்பாவைச் சொல்கிறார்கள் என்பது புரிய எனக்கு ஒரு கணம் ஆனது. கறிவேப்பிலைச் செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது.

2018 டிசம்பரில் கிளம்பும்போது தத்தாவின் அம்மா ஒரு சிறிய பாய் கொடுத்தார். அவர் பக்கத்துத் தீவான கத்தூவில் பிறந்தவர். அந்தத் தீவுப் பெண்கள் கோரைப்புல்லில் நெய்யும் பாய்க்கு நாடு முழுவதும் பேர் உண்டு. கறுப்பும் பழுப்புமாகக் கட்டங்கள் போட்ட அதைத் தடவிப் பார்த்தபோது பத்தமடைப் பாய்தான் நினைவுக்கு வந்தது. நம்முடையது பட்டுபோல் வழுக்கும். இது கொஞ்சம் முரடு, ஆனால் கணக்கு பிசகாத முரடு. பேபே என்ன கொடுத்தார் என்று சொல்லத் தேவையில்லை. தானே அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்த ஆறு கிலோ மாசி. துணியில் சுற்றி, அதற்கு மேல் மூன்று பிளாஸ்டிக் பைகளில் கட்டினேன். அப்படியும் என் சேலைகளில் இரண்டு இன்றும் மணக்கின்றன.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் மடியில் ஒரு துண்டத்தை வைத்தேன். ஆறு மாதமாக அவருக்கு வார்த்தைகள் ஒன்றிரண்டாகத்தான் வந்துகொண்டிருந்தன, அதுவும் குழறலாக. இடது கையால் எடுத்தார். மூக்கருகில் கொண்டுபோனார். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் அழுத்திப் பார்த்தார். இரண்டாவது துண்டத்தைக் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒன்றோடொன்று தட்டி ஓசையைக் கேட்டார். நாங்கள் மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஈரம் போகவில்லை" என்றார்.

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பேபேவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நானும் பின்னால் போனேன்.